ஆறக் கூடாத புண்

பெலார்மினோ ஃபுர்த்தாடோவின் வலது குதிகாலில் ஒரு புண் இருந்தது. அந்தக் குடும்பமே அதன்மேல்தான் நின்றுகொண்டிருந்தது.

விஷயம் இவ்வளவுதான். புண் இருப்பதால் கட்டு மாற்ற நர்ஸ் வர வேண்டும். நர்ஸ் வருகிற வீட்டுக்குத்தான் குளிப்பாட்டவும் உடுத்திவிடவும் ஓர் உதவியாளை மெடிகேர் என்கிற அரசுக் காப்பீடு அனுப்பும். உதவியாள் வந்தால்தான் மகள் ஒதீலியா காலையில் கிளம்பிப் போய்ப் பாலர் பள்ளிப் பிள்ளைகளின் மஞ்சள் பேருந்தை எடுக்க முடியும். புண் ஆறிவிட்டால் நர்ஸ் இல்லை. நர்ஸ் இல்லையென்றால் உதவியாள் இல்லை. பக்கவாதம் தின்றது போக மிச்சமிருந்த வலது காலும், பொத்தான் போட மறந்துபோன வலது கையும் அப்படியேதான் இருக்கும். ஆனால் அதற்கெல்லாம் இனி வைத்தியம் கிடையாது. வைத்தியம் இல்லாத கஷ்டம் மெடிகேரின் கண்ணுக்குத் தெரியாது. ஒரு கிழவரால் தானாகக் குளிக்க முடியவில்லை என்பது நோய் அல்ல, குடும்ப விவகாரம் என்பது வாஷிங்டனில் இருக்கிறவர்களின் அபிப்பிராயம்.

இன்னொரு நிபந்தனையும் உண்டு. ஆள் வீட்டைவிட்டு வெளியே போக முடியாதவராக இருக்க வேண்டும். டாக்டரிடம் போகலாம், கோயிலுக்குப் போகலாம், எப்போதாவது முடிவெட்டப் போனாலும் கண்டுகொள்ள மாட்டார்கள். மற்றபடி வெளியே கால் வைப்பது மலையேறுகிற பாடாக இருக்க வேண்டும். இந்த விஷயத்தில் ஃபால் ரிவர் நகரம் ஃபுர்த்தாடோ குடும்பத்துக்கு நிறையவே உதவி செய்திருந்தது. அங்கே பாதி ஜனம் குடியிருப்பது மூன்றடுக்கு மரவீடுகளில். அந்தக் காலத்து நூற்பாலைக்காரர்கள் தொழிலாளிகளை அடுக்கிவைக்கக் கட்டியவை. ஃபுர்த்தாடோ வீடு மேல்தட்டு. படிக்கட்டு ஒடுங்கியது, இருட்டானது, இரண்டு இடத்தில் முழங்கையாக மடங்குவது. பெலார்மினோ பனிக்காலத்துக்கு முன்பு ஆஸ்பத்திரிக்கு இறங்கியவர், ஆம்புலன்ஸ்காரர்கள் திரும்பத் தூக்கிக்கொண்டு வந்து வைத்த பிறகு இறங்கவே இல்லை.

ஆக எல்லாம் சட்டப்படி சரியாக இருந்தது. ஒதீலியா தினமும் வேண்டிக்கொண்டது ஒன்றுதான்: புண் ஆற வேண்டும்; ஆனால் அவசரப்பட வேண்டாம். கடவுளிடம் இப்படிக் கேட்பது சரியா என்று அவளுக்குச் சந்தேகம் இருந்தது. அதனால் மாதாவிடம் கேட்டாள்.

அந்த வருஷம் பார்த்து, தூய ஆவியின் கிரீடம் அவர்கள் வீட்டுக்கு வந்தது.

ஈஸ்டருக்குப் பிறகு ஏழு வாரம், அசோர்ஸ் தீவிலிருந்து வந்தவர்களின் சபைக்குச் சொந்தமான வெள்ளிக் கிரீடம் வாரம் ஒரு வீட்டில் தங்கும். யார் யார் வீடு என்பதை முந்தைய வருஷமே சீட்டுப் போட்டு எடுத்துவிடுவார்கள். பெலார்மினோவின் பெயர் வந்தபோது அவர் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தார். நினைவு திரும்பியதும் அவருக்குச் சொன்ன முதல் செய்தி அதுதான், பக்கவாதத்தைப் பற்றி அப்புறம்தான் சொன்னார்கள். ஒரு காலத்தில் அந்தச் சபைக்கு அவரே தலைவர். பதவி போய் வெகுகாலமானாலும் பேர் போகவில்லை. தெருவில் எல்லோருக்கும் அவர் தலைவர்தான். இப்போதைய தலைவர் செராஃபிமை மட்டும் ஜனங்கள் செராஃபிம் என்றே கூப்பிட்டார்கள். அது செராஃபிமுக்குத் தொண்டையில் முள்.

கிரீடம் வருகிற வீடு கல்யாண வீடு மாதிரி. முன்னறையில் வெள்ளைச் சாட்டின் துணியில் படிப்படியாகப் பீடம், காகித ரோஜாக்கள், சின்ன விளக்குகள், உச்சியில் புறா உட்கார்ந்த கிரீடம். தினம் சாயங்காலம் ஜெபமாலைக்கு அறுபது எழுபது பேர் ஏறி வருவார்கள். அதற்காகச் சபைக் கூடத்திலிருந்து மடக்கு நாற்காலிகளைக் கொண்டுவந்தார்கள்; ஒதீலியா அவற்றை முன்னறையிலிருந்து சமையலறை வாசல்வரை வரிசையாகப் போட்டாள். இடம் போதவில்லை. ஒதீலியா சுற்றுமுற்றும் பார்த்தாள். அப்பாவின் சக்கர நாற்காலி. பிடித்து நடக்கிற நாலுகால் சட்டம். கட்டிலோரமாக இருந்த கழிப்பு நாற்காலி.

"இதைப் போயி தூய ஆவி முன்னாடி எப்படி வைக்கிறது?" என்றாள்.

உதவியாள் ஸுல்மிரா, கேப் வெர்டே தீவுக்காரி, கையில் காபியோடு நின்றாள். "தூய ஆவிக்குத் தெரியாதாக்கா, மனுசன்னா வயிறுன்னு ஒண்ணு இருக்கும்னு?"

"தூய ஆவிக்குத் தெரியும். பேக்கரிக்காரர் பொண்டாட்டிக்குத் தெரிய வேண்டாம்."

மூன்றையும் படுக்கையறை அலமாரிக்குள் தள்ளி, மேலே குளிர்காலக் கோட்டுகளைப் போட்டுக் கதவைச் சாத்தினாள். ராத்திரி விருந்தாளிகள் போன பிறகு கழிப்பு நாற்காலியை எடுப்பது, காலையில் திரும்ப உள்ளே திணிப்பது. ஒரு வாரம்தானே.

அந்த வாரத்தின் புதன்கிழமை நர்ஸையும் உதவியாளையும் அனுப்புகிற ஏஜென்சியிலிருந்து தொலைபேசி வந்தது. இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை பார்க்கிற மறுமதிப்பீட்டுக்கு வெள்ளிக்கிழமை மிஸ் ஹாலரன் வருகிறாராம். வழக்கமாகக் கட்டு மாற்றுகிற நர்ஸ் அல்ல, மேற்பார்வை நர்ஸ்.

ஒதீலியா அப்பாவிடம் போய் உட்கார்ந்தாள். அவர் கிரீடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து யார் எத்தனை கார்னேஷன் பூ அனுப்பியிருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, வெள்ளிக்கிழமை ஒரு அம்மா வருவாங்க. கேள்வி கேப்பாங்க. உள்ளதை உள்ளபடி சொல்லணும்."

"நான் எப்ப பொய் சொல்லியிருக்கேன்?"

"தானாக் குளிப்பீங்களான்னு கேப்பாங்க."

பெலார்மினோ மகளை ஏற இறங்கப் பார்த்தார். "கிரீடம் இருக்கிற வீட்டுல வந்து ஒரு பொம்பளை அதையா கேப்பா?"

"கேப்பாங்கப்பா. முடியாதுன்னு சொல்லுங்க. நடக்க முடியுமான்னு கேப்பாங்க. முடியாதுன்னு சொல்லுங்க. அவ்வளவுதான். உங்களை ஒண்ணும் கூட்டிச் சொல்லச் சொல்லலை."

"முடியாது, முடியாது, முடியாது. வந்தவங்க என்ன நினைப்பாங்க? இந்த வீட்டுல ஒண்ணுமே முடியாதான்னு நினைக்க மாட்டாங்க?"

"நினைக்கணும்ப்பா. அதுக்குத்தான்."

பெலார்மினோ மறுபடி கார்னேஷன்களை எண்ணத் தொடங்கினார். அவர் பிறந்தது அசோர்ஸ் தீவில், சர்வாதிகாரி காலத்தில். அந்த ஊருக்கு வருஷத்தில் ஒரு தடவை கப்பலேறி ஓர் அதிகாரி வருவார். ஊரே குளித்து, இருக்கிற ஒரே நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு வரிசையாக நிற்கும். அதிகாரி எது கேட்டாலும் பதில் ஒன்றுதான்: எல்லாம் நல்லா இருக்குங்க ஐயா. இல்லை என்று சொன்னவர்களும் இருந்தார்கள். அவர்கள் அப்புறம் நல்லா இருக்கவில்லை. அந்தப் பாடம் பெலார்மினோவின் எலும்பில் எழுதியிருந்தது. அட்லாண்டிக்கைக் கடந்து, திரைச்சீலை ஆலையில் முப்பது வருஷம் வேலை பார்த்து, குடியுரிமை வாங்கி, ஓட்டுப் போட்டும் அது அழியவில்லை. அரசாங்கத்திடமிருந்து ஆள் வந்தால் நிமிர்ந்து நிற்க வேண்டும். நோயைக் காட்டுகிறவன் நோயால் சாவதில்லை, காட்டியதால் சாகிறான்.

வெள்ளிக்கிழமை காலை பேருந்து ஓட்டத்தை முடித்துக்கொண்டு ஒதீலியா மூச்சிரைக்கப் படியேறி வந்தபோது, சாப்பாட்டு மேஜைத் தலைமாட்டில் அப்பா உட்கார்ந்திருந்தார். கறுப்பு சூட். சபையின் பதக்கம். வழவழவென்று சவரம் செய்த முகம், மெழுகு பூசிய மீசை. காலில் தோல் ஷூ. அந்த ஷூவை அவர் பக்கவாதத்துக்குப் பிறகு போட்டதில்லை. கண்ணாடி மாதிரி முகம் பார்க்கிற அளவுக்கு அது பளபளத்தது.

"யார் பண்ணின வேலை இது?" என்றாள் ஒதீலியா.

ஸுல்மிரா பெருமையாகச் சிரித்தாள். "நான்தான். எங்க மேற்பார்வை அம்மா வராங்கல்ல? போன மாசம் ஒரு வீட்டுல பாட்டிக்கு நகம் வெட்டலைன்னு அந்தப் பொண்ணைக் காய்ச்சி எடுத்துட்டாங்க. என் ஆளை ஒரு குறை சொல்ல முடியாது பாருங்க."

"ஸுல்மிரா, அவரைப் பார்த்தா மாப்பிள்ளை மாதிரி இருக்கார்."

"நன்றிக்கா."

"உனக்கு இன்னிக்கு வேலை போகப் போகுது."

ஸுல்மிராவின் சிரிப்பு பாதியில் நின்றது. ஆனால் அதற்குள் கீழே மணி அடித்துவிட்டது.

மிஸ் ஹாலரன் நல்ல பெண்மணிதான். மூன்று மாடி ஏறி முகம் சிவந்திருந்தது, கையில் மடிக்கணினி, தோளில் பை. கதவைத் திறந்ததும் விளக்கும் சாட்டினும் வெள்ளியுமாக ஜொலிக்கிற பீடத்தைப் பார்த்துத் திகைத்து நின்றார். பெலார்மினோ எழுந்தார்.

எழுந்தது மட்டுமல்ல, நடந்தார். மடக்கு நாற்காலிகள் வரிசையாக இருந்தனவே; இடது கையால் ஒரு முதுகைப் பிடித்து, அடுத்த முதுகைப் பிடித்து, அடுத்ததைப் பிடித்து, பிஷப் ஜனங்களுக்கு நடுவில் ஆசி கொடுத்துக்கொண்டு வருவதுபோல வாசலுக்கு வந்துசேர்ந்தார். வலது காலை இழுத்தது சாட்டின் தொங்கலுக்குப் பின்னால் மறைந்துபோனது. பனிக்காலம் முழுக்க அவர் கட்டிலிலிருந்து ஜன்னல்வரைகூட இப்படிப் போனதில்லை. நாற்காலிகள் வந்ததால் வந்த நடை அது என்று ஒதீலியாவுக்கு அப்போதுதான் உறைத்தது. வரிசை போட்டது அவள்தான்.

"வாங்க மேடம், வாங்க. என் வீட்டுக்கு வந்தது எங்களுக்குப் பெருமை," என்றார் பெலார்மினோ.

"பரவாயில்லையே, நல்லா நடக்கிறீங்களே," என்றார் மிஸ் ஹாலரன்.

"எல்லாம் நல்லா இருக்கு."

அம்மணி உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் இனிப்பு ரொட்டி வந்தது. விதிப்படி எதுவும் வாங்கிச் சாப்பிடக் கூடாது என்றார். பெலார்மினோவின் முகம் கறுத்தது. கிரீடம் இருக்கிற வாரத்தில் அந்த வீட்டில் சாப்பிடாமல் போன ஆளே கிடையாது. அம்மணி ஒரு துண்டு கையில் எடுத்த பிறகுதான் அவர் கேள்விகளுக்குத் தயாரானார்.

"குளிக்க யாராவது உதவணுமா, மிஸ்டர் ஃபுர்த்தாடோ?"

"இந்த வீட்டுல குளிக்கத் தெரியாதவங்க யாரும் இல்லை."

"அப்பா," என்றாள் ஒதீலியா.

"சட்டை போட்டுக்கிறது?"

அவர் தன் சூட்டைக் குனிந்து பார்த்தார். பதில் அதிலேயே இருக்கிறது என்பதுபோல.

"ஸுல்மிராதான் போட்டு விட்டா," என்றாள் ஒதீலியா. "அவரால ஒரு பொத்தான்கூடப் போட முடியாதுங்க. ராத்திரி எழுந்திருக்க முடியாது. கழிப்பு நாற்காலியிலதான் எல்லாம்."

மிஸ் ஹாலரன் அறையைச் சுற்றிப் பார்த்தார். "அது எங்க இருக்கு?"

ஒதீலியா பக்கத்துப் படுக்கையறைக்குப் போய் அலமாரிக் கதவை விரியத் திறந்தாள். கோட்டுகள் சரிந்தன. அவற்றுக்கு அடியில் சக்கர நாற்காலி, நாலுகால் சட்டம், எல்லாவற்றுக்கும் பின்னால் கழிப்பு நாற்காலி. அதன்மேல் அவளுடைய பனிக்கால பூட்ஸ்.

"இப்படி உள்ள போட்டு வெச்சிருக்கீங்கன்னா, இப்பல்லாம் தேவைப்படறதில்லை, அப்படித்தானே?" என்றார் மிஸ் ஹாலரன், நல்ல மனதோடு.

"தேவைப்படுதுங்க. விருந்தாளிங்க வராங்களேன்னு மறைச்சு வெச்சேன்."

"ஓ," என்றார் அவர். ஆனால் அந்த 'ஓ'வை மடிக்கணினியில் எழுதுவதற்கு இடம் இல்லை.

பெலார்மினோ மகளைப் பார்க்கவே இல்லை. கிரீடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் காது மட்டும் சிவந்திருந்தது. "என் மகளுக்கு வண்டி ஓட்டி ஓட்டிக் களைப்பு," என்றார். "கொஞ்சம் கூட்டிச் சொல்லுவா."

"வெளிய போறது உண்டா?"

"ஞாயித்துக்கிழமை கிரீடத்தோட இறங்குறேன். ஊர்வலம். கோயில்வரைக்கும். நீங்களும் வரணும் மேடம், சூப் இருக்கும்."

"கோயில்னா விதிப்படி தப்பில்லை," என்றார் மிஸ் ஹாலரன். "நடந்தா போறீங்க?"

"இல்லைன்னா எப்படி? கிரீடம் ஊர்வலமாப் போறப்ப நான் டாக்ஸியிலயா போவேன்?"

கடைசியாகப் புண். ஷூவைக் கழற்றி, காலுறையை இறக்கி, கட்டைப் பிரித்தார்கள். எல்லோரும் குனிந்தார்கள். போன மாதம் வாய் பிளந்திருந்தது இப்போது ஒரு காசளவு இளஞ்சிவப்புத் தோலாக இருந்தது.

"அழகா ஆறியிருக்கு," என்றார் மிஸ் ஹாலரன். "இந்த வயசுல இப்படி ஆறுறது அபூர்வம். யாரோ நல்லாக் கவனிச்சிருக்காங்க."

"நான்தான் மேடம்," என்று ஸுல்மிராவின் வாய் தானாகச் சொன்னது. "காலுக்குக் கீழ தலையணை வெச்சு, குதிகால் எங்கயும் படாம..." சொல்லிக்கொண்டே போனவள் ஒதீலியாவின் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள்.

"வர்ற வாரத்தோட சேவையை முடிச்சுக்கலாம். திங்கட்கிழமை கடைசியா ஒரு தடவை நானே வந்து பார்த்துடறேன். வாழ்த்துகள், மிஸ்டர் ஃபுர்த்தாடோ." அம்மணி கை குலுக்கினார். பெலார்மினோ இடது கையைக் கொடுத்தார், அதுதான் மரியாதை என்பதுபோல.

வாசலில் ஒதீலியா அவரை மடக்கினாள். "மேடம், நீங்க பார்த்தது உண்மை இல்லை. அவர் விருந்தாளிக்காக அப்படி இருந்தார்."

மிஸ் ஹாலரனுக்கும் வயதான அப்பா ஒருவர் இருந்திருக்க வேண்டும். ஒரு கணம் தயங்கினார். "நான் பார்த்ததைத்தான் எழுத முடியும். சம்மதமில்லைன்னா மறுபரிசீலனை கேக்கலாம். நான் கொடுத்த தாள்லயே நம்பர் இருக்கு. அவங்க உங்க அப்பாகிட்டயும் பேசினாலும் பேசுவாங்க."

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். உள்ளே பெலார்மினோ, மேடத்துக்கு வழியில் சாப்பிட இன்னொரு ரொட்டியைச் சுற்றிக் கொடுக்கச் சொல்லி ஸுல்மிராவை விரட்டிக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம் ஜெபமாலை முடிந்ததும் பெலார்மினோ தொண்டையைச் செருமினார். "அரசாங்கத்துலேருந்து வந்து பார்த்துட்டுப் போனாங்க. ஒரு குறையும் இல்லைன்னு எழுதிக் கொடுத்துட்டாங்க."

ஜனங்கள் கை தட்டினார்கள். பேக்கரிக்காரர் பொண்டாட்டி சிலுவை போட்டுக்கொண்டு, எல்லாம் கிரீடத்தின் அற்புதம் என்றாள். செராஃபிம் மட்டும் கை தட்டாமல் முழங்காலைத் தடவிக்கொண்டார். அவருக்கு அந்த முழங்காலில் பத்து வருஷமாக வலி. எந்த அரசாங்கமும் வந்து அதைப் பற்றி எதையும் எழுதிக் கொடுத்ததில்லை.

சமையலறையில் ஒதீலியா காபி ஊற்றிக்கொண்டிருந்தாள். பேருந்துச் சாவி ஆணியில் தொங்கியது. அது காலையில் இரண்டு மணி நேரம், மத்தியானம் இரண்டு மணி நேரம், அவ்வளவுதான். சின்னப் பிள்ளைகளின் சத்தம், வாந்தி, ஒற்றைக் கையுறைகள். ஆனால் மேட்டுத் தெருவிலிருந்து இறங்கும்போது ஆறு தெரியும், பாலம் தெரியும், கியர் மாற்றினால் வண்டி கேட்கும். அவள் வாழ்க்கையில் சொன்னதைக் கேட்கிற ஒரே சாமான் அது. வேலையை விட்டுவிட்டால் இந்த மூன்றாம் மாடியில் அவரும் அவளும்தான். அவர் மெடிகேர் ஒத்துக்கொள்ளாத அளவுக்குத் தேறியவர். அவளால் விட்டுப் போக முடியாத அளவுக்குத் தேறாதவர்.

மறுநாள் ஃப்ளோரிடாவிலிருந்து தம்பி பேசினான். தொலைபேசியில் செய்யக்கூடிய உதவிகளை அவன் ஒருபோதும் மறுத்ததில்லை. "அப்பா நல்லாயிட்டாராமே. கேக்கவே சந்தோஷமா இருக்கு. நீயும் கொஞ்சம் ஓய்வெடு."

"எடுக்கிறேன். வேற வழியில்லை," என்றாள் ஒதீலியா.

ஞாயிற்றுக்கிழமை காலை கீழே தெருவில் பேண்டு வந்து நின்றது. வெள்ளை உடுப்புப் பெண்பிள்ளைகள், கொடிகள், வெயில். மேலே செராஃபிம் இரண்டு ஆட்களோடு வந்தார். "அண்ணே, ஒரு நாற்காலியில உட்காருங்க, பசங்க அப்படியே தூக்கிட்டு வந்துடுவாங்க."

"பிணத்தைத்தான் தூக்குவாங்க, செராஃபிம்."

"அதுக்கில்லைண்ணே. படி ஒரு மாதிரி."

"அரசாங்கமே சொல்லிட்டுது. உனக்கு என்ன?"

கறுப்பு சூட், பதக்கம், மறுபடி அந்தத் தோல் ஷூ. இடது கையில் கிரீடம் இருந்த வெள்ளித் தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். வலது கை கைப்பிடிக்குப் போனது. போனதே தவிரப் பிடிக்கவில்லை. ஒதீலியா பின்னால் நின்று அவர் பெல்ட்டை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டாள். படிக்கட்டில் நாற்காலி வரிசை கிடையாது.

முதல் மடக்கில் திரும்பும்வரை அவளுடைய கை ஒரு நொடிகூடத் தளரவில்லை. மனசு மட்டும் தளர்ந்தது. இவர் இங்கே விழுந்தால், எலும்பெல்லாம் முறிய வேண்டாம், சும்மா கொஞ்சமாக, திங்கட்கிழமை அந்த அம்மா பார்க்கிற அளவுக்கு மட்டும். நினைத்துவிட்டு, கிரீடத்தின் புறாவுக்குக் கேட்டிருக்குமோ என்று பயந்து பெல்ட்டை இன்னும் இறுக்கினாள்.

இரண்டாம் மாடியைத் தாண்டி அடுத்த மடக்கில் பெலார்மினோ நின்றார். வெகுநேரம் நின்றார். பிறகு, யாரோ நாற்காலி போட்டதுபோல நிதானமாகப் படியில் உட்கார்ந்தார். கிரீடம் மடியில் இருந்தது.

கீழே, வாசலில் நிழல் தெரிந்ததும் பேண்டு பாட்டைத் தொடங்கிவிட்டது. பாட்டு முடிந்தது. யாரும் வெளியே வரவில்லை. மறுபடி தொடங்கினார்கள்.

"ஒதீலியா," என்றார் அவர், முன்னால் நின்ற செராஃபிமுக்குக் கேட்காத குரலில். "கால் வரமாட்டேங்குது."

"இதை வெள்ளிக்கிழமை சொல்லியிருக்கலாம்ப்பா."

"வெள்ளிக்கிழமை விருந்தாளி இருந்தாங்க."

மேலே ஏறவும் முடியாது, கீழே இறங்கவும் முடியாது. அவர் நடுவில் உட்கார்ந்திருந்ததால், அவருக்குப் பின்னால் கிளம்பியவர்களும் அங்கேயே நின்றார்கள். பேக்கரிக்காரர் பொண்டாட்டி மேலேயிருந்து, என்ன ஆச்சு, ஜெபம் பண்ணுகிறாரா என்று கேட்டாள். மூன்றாவது தடவையாகப் பாட்டு தொடங்கியபோது டிரம்பெட்காரருக்குச் சுதி போயிருந்தது.

பெலார்மினோ தட்டை நீட்டினார். "செராஃபிம். நீ கொண்டு போ. பூசைக்கு நேரமாகுது."

"ஐயோ, அண்ணே, உங்க வாரம்," என்றார் செராஃபிம். சொல்லும்போதே கை நீண்டுவிட்டது. அந்த முகத்தில் வருத்தத்தைக் கொண்டுவர அவர் பட்ட பாட்டை ஒதீலியா வாழ்நாளில் மறக்க மாட்டாள். கிரீடம் இறங்கியது. முழங்கால் வலியே இல்லாதவர்போல அதற்குப் பின்னால் செராஃபிமும் இறங்கினார். மேலேயிருந்த ஜனம் பெலார்மினோவைத் தாண்டி, ஒவ்வொருவராக, "கும்பிட்டுக்கிறோம் தலைவரே", "நல்லா உட்காருங்க தலைவரே" என்று சொல்லிக்கொண்டே ஒண்டி ஒண்டி இறங்கியது. பேண்டு முழங்கியது. ஊர்வலம் மேட்டில் ஏறி, திரும்பி, சத்தம் தேய்ந்துபோனது.

அப்புறம்தான் இருவருக்கும் விஷயம் புரிந்தது. துயருற்றோருக்கு உதவுவதற்காகவே ஏற்பட்ட அந்தச் சபை, உறுப்பினர் ஒருவர் பாக்கியில்லாமல், உதவி செய்யக் கோயிலுக்குப் போய்விட்டது. தூக்க ஆள் இல்லை. தெருவே காலி.

அவர்கள் அந்த இருட்டுப் படியில், பூசை முடிந்து ஜனம் திரும்பும்வரை உட்கார்ந்திருந்தார்கள். ஆளில்லாத கீழ்வீட்டில் விருந்துச் சூப் கொதித்தது. மாட்டிறைச்சியும் புதினாவும் மணத்தன. ஒதீலியா ஒரு தடவை அவரைத் தூக்கிப் பார்த்தாள், முடியவில்லை. விட்டுவிட்டு மேலே போய்த் தண்ணீர் கொண்டுவரலாமா என்று எழுந்தாள். அவர் அவள் பாவாடை நுனியைப் பிடித்துக்கொண்டார். அவள் உட்கார்ந்தாள்.

அப்போதுதான் அவருடைய காலுறையைப் பார்த்தாள். ஷூவின் விளிம்புக்கு மேல் கறுப்புத் துணி ஈரமாகப் பளபளத்தது. தொட்டாள். விரலில் சிவப்பு.

புண் திறந்துவிட்டது.

அவளுக்கு முதலில் வந்தது சந்தோஷம். அது வந்த வேகத்தில், அதை அடக்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. வெட்கம் கொஞ்சம் தாமதமாக, மூன்று மாடி ஏறி வருகிறதுபோல மூச்சிரைக்க வந்து சேர்ந்தது.

பெலார்மினோவும் பார்த்தார். அவள் விரலைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார். ஒரு மனிதன் தன் ரத்தத்தைப் பார்த்துத் தன் மகள் மலர்வதை எப்படி எடுத்துக்கொள்வது என்று அவருக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.

"நாளைக்கு அந்த மேடம் வருவாங்கல்ல?" என்றார் கடைசியில்.

"வருவாங்க."

"அப்ப நல்ல காலுறையாப் பார்த்துப் போட்டு விடு."

திங்கட்கிழமை மடக்கு நாற்காலிகள் சபைக் கூடத்துக்குத் திரும்பிவிட்டன. பீடம் இருந்த இடத்தில், ஜன்னல் வெளிச்சம் நேராக விழும்படி, ஒதீலியா கழிப்பு நாற்காலியை வைத்தாள். ஒரு பக்கம் சக்கர நாற்காலி, மறுபக்கம் நாலுகால் சட்டம். ஸுல்மிரா உதட்டைப் பிதுக்கிப் பார்த்தாள்.

"ரெண்டு விளக்கும் வெச்சுடலாமாக்கா?"

"சிரிக்காதே. இன்னிக்கு அவருக்குச் சவரம் பண்ணலையே?"

"மனசே இல்லாம விட்டிருக்கேன். என் கையை வெட்டின மாதிரி இருக்கு."

மிஸ் ஹாலரன் உள்ளே வந்ததும் பெலார்மினோ எழுந்தார். பைஜாமாவில்தான் இருந்தார், ஆனால் அதன்மேல் பதக்கத்தைக் குத்தியிருந்தார். இடது கை முன்னால் நீண்டு, வெள்ளிக்கிழமை நாற்காலி முதுகு இருந்த இடத்தைத் தேடியது. காற்று. இன்னும் கொஞ்சம் எட்டித் தேடியது. பிறகு அவர் உட்கார்ந்தார். மிஸ் ஹாலரன் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

கட்டைப் பிரித்துப் பார்த்தபோது மிஸ் ஹாலரன் உச்சுக்கொட்டினார். "எப்படி ஆச்சு இது?"

"ஊர்வலம்," என்றார் பெலார்மினோ.

"படியில இறங்க முடியுதா உங்களால?"

ஸுல்மிரா துண்டை மடித்த கையோடு நின்றாள். பெலார்மினோ பீடம் இருந்த இடத்தை வெகுநேரம் பார்த்தார். அங்கே இப்போது இருந்த பொருள் அவருக்கு அவ்வளவாக உதவவில்லை.

"இறங்க முடியும்," என்றார். "பாதிவரைக்கும்." அப்புறம், விருந்தாளி மனம் நோகக் கூடாது என்பதுபோலச் சேர்த்துக்கொண்டார்: "மிச்சத்துக்கு என் மக விடமாட்டா."

மிஸ் ஹாலரன் எழுதினார். நர்ஸ் தொடர்வார். ஆகவே ஸுல்மிரா தொடர்வாள். ஆகவே பேருந்துச் சாவி ஆணியிலிருந்து இறங்கலாம், அடுத்த மறுமதிப்பீடுவரை. மறுபரிசீலனைத் தாளை ஒதீலியா மடித்து ரொட்டிப் பெட்டிக்கு அடியில் வைத்தாள், அது எங்கும் போகாது.

ஜூன் வந்தது. ஒரு காலை, சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அவள் வாசலில் நின்றாள். குளியலறையில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ஸுல்மிரா கை ஈரத்தோடு வெளியே வந்து கதவைச் சாத்தினாள்.

"எப்படி இருக்கு?" என்று கேட்டாள் ஒதீலியா.

ஸுல்மிரா பின்னால் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, சாவுச் செய்தி சொல்கிறவள்போலக் குரலைத் தாழ்த்தினாள். "ஆறுதுக்கா."

"எவ்வளவு?"

"ஓரமெல்லாம் கூடிடுச்சு."

உள்ளேயிருந்து பெலார்மினோவின் குரல் வந்தது. "என்ன அங்க குசுகுசுன்னு? என்ன சொல்றா அவ?"

ஒதீலியா கைப்பிடியைத் திருப்பினாள்.

"ஒண்ணுமில்லைப்பா," என்றாள். "எல்லாம் நல்லா இருக்கு."